விடுமுறைப் பயணத்திற்கு ஏற்ற காமிராவும் லென்சும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

கோடை விடுமுறை என்றதும் துள்ளிக் குதிக்காத உள்ளம் உண்டோ? அதிலும் பொதுத் தேர்வை எழுதி முடித்தபின் எங்களைப் போன்ற பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குக் கிடைப்பது மற்ற ஆண்டுகளைவிட நீண்ட விடுமுறை. பல வீடுகளில் இப்போதே பயணத் திட்டம் உருவாகிவிட்டது. ரயில் முன்பதிவும் நடக்கிறது. அதோடு சேர்ந்து எழும் கேள்வி, “எந்தக் காமிராவைக் கொண்டுபோவது?” என்பதுதான்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். கைப்பேசி இருக்கும்போது காமிரா எதற்கு என்று வேறு சிலர் கேட்கின்றனர். இரண்டும் பாதி உண்மை. காமிராவையும் லென்சையும் பற்றிச் சில அடிப்படைகளை அறிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் நம் தேவைக்கு ஏற்றதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

காமிரா வந்த வழி

இன்று நம்மிடம் உள்ள புகைப்படங்களுள் மிகப் பழையது, பிரான்ஸ் நாட்டின் நீப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ல் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து எடுத்ததாகும். 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் சாதாரண மக்களும் படம் எடுக்கத் தொடங்கினர். நம் தாத்தா பாட்டி காலத்தில் ‘அக்பா கிளிக் 3’ என்னும் சிறிய காமிரா பல வீடுகளில் இருந்தது. ஒரு சுருள் பிலிமில் பன்னிரண்டே படங்கள்! உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. இன்று அது இயங்கவில்லை.

1975-ல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் பிலிம் இல்லாத காமிரா ஒன்றை அமைத்தார். ஒரு படத்தைப் பதிவுசெய்ய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. இன்று நம் கையில் உள்ள டிஜிட்டல் காமிராக்கள் அந்த வழியில் வந்தவையே. பன்னிரண்டு படம் எடுத்த காலத்தில் ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் எடுக்க முடிந்த இக்காலத்தில் நாம் யோசிக்க வேண்டியது எடுப்பதற்கு முன்பு, அதாவது கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது.

கண்ணும் காமிராவும்

காமிராவை நம் கண்ணுக்கு ஒப்பிடலாம். கண்ணில் உள்ள லென்சைப் போலவே காமிராவின் லென்சும் ஒளியைக் குவிக்கிறது. கண்ணின் பாவை இருளில் விரிந்து வெயிலில் சுருங்குவதைப் போல, காமிராவின் துளையும் விரியும், சுருங்கும். விழித்திரை இருக்கும் இடத்தில் முன்பு பிலிம் இருந்தது. இப்போது ‘சென்சார்’ என்னும் மின்னணுத் தகடு இருக்கிறது.

லென்சின்மேல் ‘50 மி.மீ.’, ‘18–55 மி.மீ.’ என்று எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது லென்சின் நீளமன்று, குவியத் தொலைவு. நம் அறிவியல் பாடத்தில் குவிலென்சைப் பற்றிப் படிக்கும்போது வருகின்ற அதே குவியத் தொலைவுதான். இந்த எண் சிறியதானால் பரந்த காட்சி கிடைக்கும், பொருள்கள் சிறியனவாகத் தெரியும். எண் பெரியதானால் தொலைவில் உள்ள பொருள் அருகில் வரும், காட்சியின் பரப்புக் குறையும். 36க்கு 24 மி.மீ. அளவுள்ள முழு அளவுச் சென்சாரில் 35 மி.மீ. வரை உள்ளவை அகலக் காட்சி லென்சுகள். ஏறக்குறைய 50 மி.மீ. இயல்பான லென்ஸ். 70 மி.மீ.க்கு மேற்பட்டவை தொலைக்காட்சி லென்சுகள். எண் மாறும் லென்ஸ் ‘ஜூம்’ எனவும், மாறாதது ‘பிரைம்’ எனவும் அழைக்கப்படும்.

கன்னியாகுமரிக் கணக்கு

“வடிவொத்த முக்கோணங்கள் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும்?” என்று கணக்கு வகுப்பில் கேட்காதவர் இல்லை. லென்ஸ் வாங்கப் பயன்படும் என்பதே எங்கள் பதில்!

கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பீடத்துடன் சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர் உயரம். கரையில் நாம் நிற்கும் இடத்திலிருந்து அது 500 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருளின் உயரத்தைத் தொலைவால் வகுத்துக் குவியத் தொலைவால் பெருக்கினால், சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும்.

24 மி.மீ. லென்சில் பிம்பம் 2 மி.மீ.கூட வராது. 50 மி.மீ. லென்சில் 4 மி.மீ. வரும். 200 மி.மீ. லென்சில் 16 மி.மீ. வரும். சென்சாரின் உயரம் 24 மி.மீ. அல்லவா? ஆகவே முதலாவதில் வள்ளுவர் ஒரு புள்ளியாகத் தெரிவார். இரண்டாவதில் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு இருப்பார். மூன்றாவதில் மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்து நிற்பார். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ.க்குச் சமமானது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சிலை கைப்பேசிப் படத்தில் சிறுத்துப்போகும் காரணம் இப்போது விளங்குகிறதா?

தஞ்சைக் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலிலோ நிலைமை தலைகீழ். அதன் விமானம் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. உள்முற்றத்தின் அகலம் சுமார் 120 மீட்டர்தான். விமானம் நடுவரிசையில் இருப்பதால் பக்கவாட்டில் 60 மீட்டருக்கு மேல் பின்வாங்க இயலாது. காமிராவைச் செங்குத்தாகப் பிடித்தால் சென்சாரின் உயரம் 36 மி.மீ. ஆகும். மேற்சொன்ன கணக்கின்படி 24 மி.மீ. லென்சுக்கு 40 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 50 மி.மீ. லென்சுக்கு 80 மீட்டருக்கு மேல் தேவை. மதிலைத் தாண்டிப் போய் நிற்கவா முடியும்?

கன்னியாகுமரியில் தோற்ற கைப்பேசி தஞ்சையில் வென்றுவிட்டது. இதனால் நாம் அறிவது என்ன? எல்லாப் பயணத்திற்கும் ஏற்ற ஒரே லென்ஸ் இல்லை. போகும் ஊர்களை முதலில் எழுதிவைத்து, பின்னரே லென்சைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளிச்சமும் வேகமும்

லென்சில் ‘எஃப் 1.8’, ‘எஃப் 5.6’ என்ற எண்களும் இருக்கும். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது இந்த எண். ஆகவே எண் சிறியதானால் துளை பெரியது, நுழையும் ஒளியும் அதிகம். எஃப் 5.6-ஐக் காட்டிலும் எஃப் 1.8-ல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி நுழைகிறது.

கொச்சிக் கோட்டைப் பகுதியில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. பின்னர் அவருடைய உடல் போர்ச்சுகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இத்தகைய பழைய தேவாலயங்களின் உள்ளே வெளிச்சம் குறைவு. எஃப் 5.6 லென்சில் ஐந்தில் ஒரு விநாடி ஒளி விழ வேண்டிய இடத்தில், எஃப் 1.8 லென்சில் ஐம்பதில் ஒரு விநாடி போதும். ஐந்தில் ஒரு விநாடி நேரம் கை அசையாமல் இருப்பது கடினம். படம் கலங்கிவிடும்.

இதற்கு ஓர் எளிய விதி உண்டு. 200 மி.மீ. லென்ஸ் என்றால் குறைந்தது இருநூற்றில் ஒரு விநாடி வேகம் வேண்டும். 50 மி.மீ. என்றால் ஐம்பதில் ஒன்று. இப்போது பல லென்சுகளில் அதிர்வைத் தடுக்கும் அமைப்பு உள்ளது. அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஓடும் மானையோ, ரயிலில் சிரித்து ஆடும் தம்பியையோ அது நிறுத்தாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் செல்லும் நீலகிரி மலை ரயிலில், வளைவில் திரும்பும்போது இன்ஜினைப் படம் பிடிக்க ஐந்நூறில் ஒரு விநாடியாவது வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வகைக் காமிரா?

கைப்பேசி எப்போதும் கையில் இருக்கும், எடை குறைவு. இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கும் திறனும் இப்போது அதற்கு உண்டு. ஆனால் அதன் சென்சார் நம் கட்டைவிரல் நகத்திலும் சிறியது. விரல்களால் விரித்துப் பெரிதாக்குவதில் பெரும்பகுதி, படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவதே ஆகும். புதிதாக விவரம் எதுவும் சேராது.

லென்ஸ் மாற்ற இயலாத, பெரிய ஜூம் கொண்ட காமிராக்கள் இரண்டாம் வகை. ஒரே கருவியில் அகலக் காட்சியும் தொலைக்காட்சியும் கிடைக்கும். ஆனால் இவற்றுள் பலவற்றில் சென்சார் சிறியதாதலால் மங்கிய ஒளியில் படம் புள்ளி புள்ளியாகத் தோன்றும்.

மூன்றாம் வகை, லென்ஸ் மாற்றக்கூடியவை. உள்ளே கண்ணாடி உள்ளது டி.எஸ்.எல்.ஆர்., கண்ணாடி இல்லாதது மிரர்லெஸ். மிரர்லெஸ் பொதுவாகச் சிறியது, ஆனால் ஒருமுறை மின்னேற்றினால் பெரும்பாலும் 300, 400 படங்கள்தாம். டி.எஸ்.எல்.ஆர். அதைவிட நெடுநேரம் உழைக்கும். இவ்வகையில் விலை குறைந்த காமிராக்களில் சென்சார் முழு அளவைவிடச் சிறியதாக, சுமார் 23க்கு 15 மி.மீ. இருக்கும். அதனால் லென்சின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதில் 18–55 மி.மீ. லென்ஸ், முழு அளவுக் காமிராவின் 27–82 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டும்.

மெகாபிக்சல் மயக்கம்

ஒரு கடையில் நாங்கள் விசாரித்தபோது, “அதிக மெகாபிக்சல் உள்ளதை வாங்குங்கள், அதுதான் தெளிவு” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். ஆல்பத்தில் ஒட்டும் 6க்கு 4 அங்குலப் படத்தை, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 1800 பெருக்கல் 1200, அதாவது 22 இலட்சம் புள்ளிகளுக்குள் போதும். இரண்டே கால் மெகாபிக்சல்கூட இல்லை! சுவரில் மாட்டும் ஏ4 அளவுக்கும் ஒன்பது மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். ஆகவே பத்தாண்டுப் பழைய காமிராவும் நமக்குப் போதுமானது. எண்ணிக்கையைவிட நல்ல லென்சும் பெரிய சென்சாருமே முக்கியம்.

எங்கள் வீட்டின் முடிவு

‘விரலுக்குத் தக்க வீக்கம்’ என்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரப் பயணத்திற்காக அப்பா ஓராண்டாகப் பணம் சேர்த்துவருகிறார். வேளாங்கண்ணி, தஞ்சை, உதகை, முதுமலை, கொச்சி, இறுதியாகக் கன்னியாகுமரி என்பது திட்டம். புதிய காமிராவும் இரண்டு லென்சுகளும் வாங்கினால் பயணம் பத்து நாளாகச் சுருங்கும் என்பது கணக்குப் போட்டபோது தெரிந்தது. சுருங்கினால் முதலில் விடுபடுவது கன்னியாகுமரி. எழுபத்தெட்டு வயதான எங்கள் பாட்டி இதுவரை பார்க்காத ஊர் அது ஒன்றுதான்.

இதை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினோம். மாமாவிடம் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். காமிராவும் 18–55 லென்சும் அலமாரியில் சும்மா இருந்தன. “எடுத்துக்கொண்டு போங்கள், பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்” என்றார். அத்துடன் பழைய 55–250 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் வாங்குவது என முடிவாயிற்று. மேற்கண்ட கணக்கின்படி, இந்தச் சிறிய சென்சாரில் வள்ளுவருக்கு 135 மி.மீ. போதும். முதுமலையில் 60 மீட்டர் தொலைவில் மூன்று மீட்டர் உயர யானை நின்றால், 250 மி.மீ. லென்சில் அது படத்தின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிறைக்கும். மரக்கிளையில் இருக்கும் சிறு பறவைக்கு இது போதாதுதான். பறவைக்காக ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ எடையுள்ள லென்சைப் பாட்டியின் பெட்டியோடு சேர்த்துச் சுமக்க எங்களால் ஆகாது. பறவைகளைக் கண்ணால் பார்த்து மகிழ்வோம். தஞ்சை விமானத்திற்கும் இருண்ட அறைகளுக்கும் அம்மாவின் கைப்பேசி இருக்கிறது.

பயன்படுத்திய லென்ஸ் வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கைவிளக்கை லென்சின் ஊடே அடித்துப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலைபோல் தெரியும். அதை வாங்கக் கூடாது. ஜூம் வளையம் தடையின்றிச் சுழல வேண்டும். காமிராவில் மாட்டி வெண்சுவரை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்தால், சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும். வாங்க மனமில்லாதவர்கள் நகரங்களில் நாள் வாடகைக்கும் லென்ஸ் எடுக்கலாம். மூன்று வாரம் என்றால் வாடகை கூடிவிடும், இரண்டு மூன்று நாளுக்கு அது சிக்கனம்.

வழியில் பாதுகாப்பு

கடற்கரையில் லென்ஸ் மாற்றக் கூடாது. ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் தொல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்சில் நீராவி படியும். காமிராவைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து பிறகு எடுத்தால் இது நேராது. பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவைத்தால் பூஞ்சை அண்டாது. மாற்று பேட்டரி ஒன்று வேண்டும். விமானத்தில் செல்வோர் மாற்று பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

படங்களைச் சேமிக்க ஒரே பெரிய நினைவக அட்டையைவிட இரண்டு சிறிய அட்டைகள் நல்லவை. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். படம் ஒன்றுக்குப் பத்து மெகாபைட் என்று வைத்தாலும் 64 ஜிகாபைட் அட்டையில் ஆறாயிரம் படங்கள் அடங்கும். ஒவ்வொரு நாள் இரவும் நல்ல படங்களை வேறோர் இடத்திலும் நகலெடுத்துவைக்க வேண்டும்.

பாட்டியிடம் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. திருமணத்தன்று எடுத்தது. மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, தாத்தாவின் முகத்தில் பாதி உரிந்துவிட்டது. வேறு பிரதி இல்லை. ஆகவே பயணம் முடிந்து திரும்பியதும் நூறு படங்களையாவது அச்சிட்டு, அவற்றின் பின்னே ஊர், தேதி, உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைப்பது எங்கள் திட்டம். கைப்பேசி பழுதானாலும் ஆல்பம் இருக்கும்.

யாரை எடுப்பது?

காமிரா கையில் இருக்கிறது என்பதற்காகக் கண்ட இடமெல்லாம் எடுக்கக் கூடாது. கோயில் கருவறையிலும், வழிபாடு நடக்கும் தேவாலயத்திலும் அனுமதி கேட்காமல் எடுத்தல் தகாது. உதகையில் தோடர் குடியிருப்புகளுக்குச் சென்றால், அவர்கள் வீட்டையோ குழந்தைகளையோ கேட்ட பிறகே எடுக்க வேண்டும். அவர்களும் நம்மைப் போல் தங்கள் வீட்டில் இருப்பவர்கள்தாமே! காட்டில் விலங்குகளின்மேல் மின்னொளி பாய்ச்சக் கூடாது.

சுற்றுலா சென்றோர் ஆல்பத்தைப் பார்த்தால் மலையும் கடலும் அருவியும் நிறைந்திருக்கும். உடன் வந்தவர்களைத் தேட வேண்டியிருக்கும். பயிற்சிக்காக நாங்கள் மாடியில் நின்று தூரத்து மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பாட்டி, “ஏண்டி, மலை எங்கேயும் போய்விடாது. என்னை ஒரு படம் எடுங்களேன்” என்றார். எத்தனை பெரிய உண்மை! மனிதர் முகத்தை எடுக்க இந்தச் சிறிய சென்சாரில் 55 மி.மீ. முனையே மிகப் பொருத்தம். அதனிலும் அகலமான லென்சை அருகில் கொண்டுபோனால் மூக்குப் பெரிதாகிவிடும். சாளரத்தின் அருகே, வெயில் நேராகப் படாத இடத்தில் அமர்த்தி எடுத்தால் முகம் தெளிவாக வரும்.

பெண்களுக்குக் காமிரா எதற்கு?

இப்படிக் கேட்ட உறவினர் ஒருவருக்கு நாங்கள் இருவரை எடுத்துக்காட்டினோம். 1913-ல் குஜராத்தில் பிறந்த ஹோமாய் வியாரவாலா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. பின்னர் கனமான காமிராவைச் சுமந்துகொண்டு, நாடு விடுதலை பெற்ற நாள்களைப் படம் பிடித்தார். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். உதகையைச் சேர்ந்த கார்த்திகி கோன்சால்வஸ் புகைப்படக் கலைஞராக இருந்து திரைப்பட இயக்குநரானவர். முதுமலை தெப்பக்காடு முகாமில் யானைக் குட்டிகளை வளர்க்கும் தம்பதியரைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் விருது பெற்றது. உறவினர் மறுபேச்சுப் பேசவில்லை.

தோழியரே! விடுமுறைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியவை இவை. போகும் ஊர்களையும் அங்கே எடுக்க விரும்புவனவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில், உறவினரிடம் ஏற்கெனவே உள்ள கருவிகளை விசாரியுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் மட்டும் ஒரு லென்ஸ் வாங்குங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தெருவிலும் மாடியிலும் பழகிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு நம்மில் பலர் வேறு வேறு பள்ளிகளில் இருப்போம். ஆகவே ஊர்களுக்குப் போகுமுன், அந்தக் காமிராவால் முதற்படமாக நம் வகுப்புத் தோழியர் அனைவரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்துவிடுங்கள். அதற்கு எந்த லென்சும் போதும்!